கண்ணாடியின் கீழ் மூலை

ஹைப்போ வாடை, படம் கழுவுகிற மருந்தின் வாடை. போன வாரம் மகளுடைய வேலை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவின் மாடிப்படி ஏறினோம். கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். அவர் பின்னாலேயே அந்த வாடையும் வந்தது. நனைந்த தீக்குச்சி, புளித்த காடி, ஈர இரும்பு, மூன்றையும் ஒரே கிண்ணத்தில் கரைத்தது போல. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். ஒருவருக்கு அவிகிற நெல், இன்னொருவருக்கு மழை நனைத்த பள்ளிக்கூடச் சுவர். எனக்கு ஹைப்போ. அது மூக்கில் ஏறினால் எனக்கு எட்டு வயது. ஆனி மாதத்துச் சாரல். தோவாளைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. உள்ளே ஒரு கைக்குழந்தை உறங்குகிறது, சத்தம் போடக் கூடாது.

அப்பா மராமத்து இலாகாவில் ஓவர்சியர். பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற கால்வாய்களின் கரையை நடந்து பார்ப்பது உத்தியோகம். படம் எடுப்பது பைத்தியம். பைத்தியம் என்பது அம்மை வைத்த பெயர். மூன்று கால் மரத்தாங்கி, துருத்தி போல விரியும் கறுப்புத் தோல், பித்தளை வளையத்துக்குள் ஒற்றைக் கண். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் தகடு. நெல் போட்டு வைக்கும் உள்ளறையில், அரங்கில், கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு, சிவப்புக் கண்ணாடி விளக்கு வெளிச்சத்தில் தகட்டைக் கழுவுவார். அந்த வருஷத்து நெல்லில் பொங்கின சோறெல்லாம் ஹைப்போ மணத்தது என்று அம்மை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று ஊரில் படம் என்றால் ஒரே படம்தான். நாற்காலி, பக்கத்தில் பூச்சட்டி, இரண்டு காதும் தெரிய, மூச்சை அடக்கிக்கொண்டு ஓர் ஆள். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "எல்லைக்கல்ல படம் புடிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு" என்பார். "உள்ளுக்குள்ள ஆளு இருக்கா இல்லியான்னே தெரியல்ல."

அவருக்கு உள்ளே இருக்கும் ஆள் வேண்டும். முந்தைய வருஷம் வேலை நிமித்தமாகத் திருவட்டாற்றில் இருந்தபோது பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி பார்த்திருக்கிறார். புருவம் ஒரு நெல்லளவு ஏறினால் வீரம், அதே புருவம் ஒரு நெல்லளவு இறங்கினால் அச்சம். அதைக் கண்டுவிட்டு வந்த மனிதருக்கு உறக்கம் போயிற்று. மனித முகத்தில் ஒன்பது ரசம் உண்டு. ஒன்பதையும் ஒன்பது தகட்டில் பிடிக்க வேண்டும். தை மாதம் திருவனந்தபுரத்தில் நடக்கப்போகும் ஒரு கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். வேஷக்காரர்களை வைத்து அல்ல. "சாயம் பூசாத மூஞ்சியில கொண்டுவரணும். நம்ம வீட்டு ஆளுகளுக்க மூஞ்சியில."

கோபத்துக்கு அடுத்த வீட்டுப் பூக்காரர் அகப்பட்டார். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ வியாபாரம். கொடுவாள் மீசை, சுபாவம் வாழைத்தண்டு. எங்கள் முற்றத்தில் அவரை நிறுத்தி அப்பா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"வே, கோவமா பாரும்."

"யாரப் பாத்து ஓவர்சியரே?"

"இந்தக் கண்ணாடியப் பாத்து."

"கண்ணாடி எனக்கு என்ன செஞ்சுது, பாவம்?"

மூன்று முறை முயன்றும் மீசைக்கு அடியில் சிரிப்புதான் நின்றது. அப்பா துணியை விட்டு வெளியே வந்து, மெதுவாக, பித்தளைக் கண்ணின் மூடியில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்: "நீரு பிச்சிய நனைச்சு எடைய ஏத்துகீருன்னு சந்தையில ஒரு பேச்சு உண்டும் வே."

"எந்தச் சவத்துப் பய சொன்னான்?"

அப்பா மூடியைத் திறந்து மூடிவிட்டார். பூக்காரர் தாங்கியின் காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். தகட்டில் மீசை மட்டும் தெளிவாக இருந்தது, சுற்றிலும் புயல். "ஆளு அசைஞ்சிட்டாரு. கோவம் அசையல்ல பாத்தியா!" என்று அப்பா குதித்தார். பத்து நாள் பேச்சு வார்த்தை இல்லை. பதினோராம் நாள் பூக்காரர் தாமாகவே வந்து படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நாந்தானா இது? கொள்ளாமே, நல்லாத்தான் கோவப்படுகேன். இன்னொண்ணு போட்டுத் தாருமே, வீட்டுக்காரிக்குக் காட்டட்டு."

"இன்னொண்ணு கெடையாது வே. ஒரு படம், ஒரு தாளு. கைப்படம் வரையுகவன் அதையே ரெண்டாவது வரைவானா?"

இது அப்பாவின் சித்தாந்தம். ஒரு தகட்டிலிருந்து எத்தனை படமும் போடலாம், உலகத்தில் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் தகட்டைப் பொன்போல வைத்திருப்பார்கள் என்பது எனக்கு மிகப் பிந்தித் தெரிந்தது. அப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தாமே படித்து, தாமே கெடுத்து, தாமே சட்டம் வகுத்துக்கொண்டவர்.

அருவருப்புக்கு அம்மை நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஹைப்போக் கிண்ணத்தை அவள் மூக்கடியில் நீட்டினார், அவ்வளவுதான். வியப்புக்கு நான். கண்ணை உருட்டி உருட்டி எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அப்பா, "ஏட்டி, உனக்க மாப்ளைக்குப் பல்லு மொளச்சாச்சு!" என்றார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

மாப்பிள்ளைக்கு அப்போது வயது நான்கு மாதம்.

அவன் அத்தையின் மகன். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் போனபின் அப்பா தோளில் வளர்ந்தவள். முதல் பேறுக்காக மாசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமாவுக்குக் குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர்த் தோட்டத்தில் குமாஸ்தா வேலை. மலையடிவாரம், மழைக்காலத்தில் அங்கே குளிர்காய்ச்சல் வீட்டுக்கு வீடு படுக்கும். "மழை ஓயட்டு, அப்புறம் விடுகேன்" என்று அப்பா தங்கையை நிறுத்திக்கொண்டார். பத்திரம் என்று நினைத்துத்தான் நிறுத்திக்கொண்டார்.

அத்தை மகன் என்றால் முறைமாப்பிள்ளை. அதை வைத்து வீடு முழுக்க என்னைச் சீண்டும். "ஏட்டி, உனக்க மாப்ள நனைச்சுப்போட்டான், துணி மாத்து." நான் கோபித்துக்கொள்வேன், மாற்றவும் செய்வேன். பள்ளிக்கூடம் போன நேரம் தவிர அவன் என் இடுப்பில். அவன் இடது காதின் நுனி வெற்றிலை மடங்கினது போல உள்ளே மடங்கியிருக்கும். பால் மணமும் வசம்பு மணமும் கலந்து அவன் கழுத்து மடிப்பில் ஒரு தனி மணம் உண்டு. இதைச் சொல்லிவிட்டேன், இனி விட்டுவிடுகிறேன்.

எட்டு ரசம் முடிந்தது. சோகம் மட்டும் அகப்படவில்லை. அப்பா அம்மையை அழச் சொன்னார். "அழுகதுக்கு எனக்கு நேரம் எங்க கெடக்கு? உலை கொதிக்கு" என்று போய்விட்டாள். உள்ளியை உரித்து என் கண்ணில் பிழிந்தார். கண்ணீர் வந்தது, மூக்கும் வந்தது, சோகம் வரவில்லை. சாப்பிடும்போதும் அப்பா எதிரே இருப்பவர் முகத்தையே பார்த்தார். தூங்கினவரையும் பார்த்தார். பார்க்கப்படுவது எவ்வளவு களைப்பு என்று அந்த நாட்களில் கற்றேன்.

ஒரு நாள் மத்தியானம் சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. நடுமுற்றத்துக் கல்லெல்லாம் ஈரம். அந்த ஈரத்திலிருந்து வெளிச்சம் மேலே எழும்பி வந்தது. அத்தை முற்றத்தோரம் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீட்டின காலில் குழந்தை உறங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். அத்தை குனிந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறொன்றுமில்லை.

அப்பா பூனைபோல வந்து தாங்கியை ஊன்றினார். அத்தை நிமிரவில்லை.

"அண்ணா, புள்ளைய எடுத்துராத. ஒரு வயசு ஆவல்ல. கண்ணு பட்டிரும்."

"இல்லட்டி, உனக்க மூஞ்சிய மட்டுந்தான்."

"எனக்க மூஞ்சியில என்ன எளவு இருக்கு?"

"நீ மிண்டாம இரு."

கண்ணை மூடியிருந்த பித்தளை மூடியை எடுத்தார். உதட்டுக்குள் மூன்று எண்ணினார். மூடினார்.

அன்று சாயங்காலம் தகட்டை எனக்குக் காட்டினார். தகட்டில் உலகம் தலைகீழ் நிறம். அத்தையின் முகம் கரி, கூந்தல் பஞ்சு. கீழ் மூலையில் ஐந்து கறுப்புப் புள்ளி, உளுந்து சிதறினது போல. உறக்கத்தில் குழந்தை ஒரு காலைத் தூக்கியிருக்கிறான். கொஞ்சம் அசைந்திருக்கிறான், விரல்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

"சே, காலு வந்துட்டு" என்றார் அப்பா. கறுப்புக் காகிதத்தை ஒரு விரற்கடை அகலத்துக்கு வெட்டி அந்த மூலையை மறைத்தார். தகட்டையும் தாளையும் சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி மறுநாள் வெயிலில் வைத்தார். மேகத்துக்கும் காக்கைக்கும் நான் காவல். தாள் முதலில் செம்பருத்தி வாடினது போல ஆயிற்று, அப்புறம் மாந்துளிர் நிறம், அப்புறம் முகம். இமைகள் தாழ்ந்திருந்தன. கீழுதடு கொஞ்சம் தளர்ந்திருந்தது. கழுத்தின் வழியே ஈர வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஒன்றுமில்லை, இருட்டு; காகிதம் மறைத்த மூலை மட்டும் வெறும் வெள்ளை.

அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அழாத சோகம்" என்றார். அம்மை ஓடிவந்து பார்த்தாள்; பார்த்த மாத்திரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னத்துக்கு அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா முத்து முத்தான எழுத்தில் படத்துக்கு அடியில் எழுதினார்: சோகம்.

"இந்த வார்த்தைய என்னத்துக்கு எழுதுகிய? கைப்புள்ளக்காரி. அவளுக்கு என்ன சோகம்?"

"படத்துல என்ன தெரியுதோ அதத்தானே எழுதணும்?"

அத்தையைக் கூப்பிட்டோம். "அப்புறம் பாக்கேன், இவன் முழிச்சிட்டான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு யாரும் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒன்பது படத்துக்கும் சட்டம் போட வேண்டும். கோட்டாற்று ஆசாரி மரம் இழைத்துக் கொடுத்துவிட்டார்; கண்ணாடி வர ஆவணி ஆகும் என்றார். அப்பாவுக்குப் பொறுக்குமா? கையிலேயே ஒன்பது கண்ணாடி இருந்தது. படமும் தகடும் ஒரே அளவு, மயிரிழை பிசகாது. "படம் தாளுல வந்தாச்சு. இனி அது வெறும் கண்ணாடிதானே மக்கா?" என்றார். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, தகடுகளை அதில் போட்டு, என்னிடம் விட்டுவிட்டுக் கால்வாய்க்குப் போனார்.

எனக்குக் கொண்டாட்டம். சோடாத் தண்ணீரில் ஊறினதும் தகட்டின் தோல் பாலாடை போல இளகும். நகத்தை ஓரத்தில் கொடுத்தால் சுருண்டு வரும். பூக்காரரின் மீசை சுருண்டு வந்தது. அம்மையின் மூக்கு வந்தது. என் திறந்த வாய் வந்தது. அதை விரலில் ஒட்டிவைத்துச் சிரித்தேன். அத்தையின் தகடு வந்தபோது ஐந்து உளுந்தையும் பார்த்தேன். யாருடையது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையிலும் அந்தக் காலுக்கு நான்தான் எண்ணெய் தடவியிருந்தேன். கீழ் மூலையிலிருந்துதான் தொடங்கினேன். அங்கேதான் தோல் முதலில் இளகியிருந்தது. வழுவழுவென்று ஒரு நிமிஷம் கட்டைவிரலில் கிடந்தது. தண்ணீரில் உதறினேன்.

மாலையில் அப்பா எந்தக் கண்ணாடி எந்தப் படத்துக்கு என்று மாறாமல் எடுத்துச் சட்டத்தில் பொருத்தினார். பளபளவென்று ஒன்பது முகம் சுவரில் நின்றது.

ஆடிக் காற்று கிளம்பியது. குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல். வைத்தியர் இரண்டு தடவை வந்தார். நான்காம் நாள் காலையில் அம்மை என்னைப் பூக்காரர் வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே எனக்கு இட்டிலி கொடுத்தார்கள், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் சத்தம் போடலாம் என்று ஆகியிருந்தது. யாரும் போடவில்லை.

அம்மை ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எழுதாதியன்னு சொன்னேனே." அப்பா சட்டத்தைக் கழற்றிப் பேனாக்கத்தியால் அந்த வார்த்தையைச் சுரண்டினார். தாள் நைந்து வெள்ளையாக ஓர் ஓட்டை விழுந்தது. ஒன்பதையும் பெட்டியில் வைத்து மூடினார்.

இருபது நாள் போயிருக்கும். அத்தை கூடத்துக்கு எழுந்து வந்தாள். எலும்பு நடந்து வருவது போல இருந்தது.

"அண்ணா, அன்னைக்கு எடுத்தியே, அதக் கொஞ்சம் காட்டு."

"இப்ப என்னத்துக்குட்டி?"

"காட்டு."

அப்பா கொண்டுவந்தார். அத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை; பார்வை நேரே கீழே போயிற்று. படத்தைச் சரித்துப் பார்த்தாள். சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினாள், உள்ளே எங்காவது இடுங்கிக் கிடப்பான் என்பது போல.

"புள்ள எங்க?"

அப்பா படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"அண்ணா, எனக்க புள்ள எங்க?"

"நீதானே எடுத்துராதன்னு சொன்ன."

"சொன்னேன். நாந்தான் சொன்னேன்." அத்தை தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு அவனுக்க மொகம் மறந்து மறந்து போவுது. மூக்கு நெனச்சா மூக்கு வருது, கண்ணு நெனச்சா கண்ணு வருது. எல்லாம் சேந்து வரமாட்டங்கு. இதுல ஒரு ஓரத்துலயாவது இருப்பான்னு நெனச்சேன்." அப்போதுதான் தன் முகத்தைப் பார்த்தாள். "இது யாரு, இப்படிச் செத்த வீட்டுக்காரி மாதிரி? அன்னைக்கு வயிறு நெறையப் பால் குடிச்சிட்டு உறங்கினான். காத்து நல்லா வந்துது. எனக்க ஆயுசுல அப்படிச் சந்தோசமா நான் இருந்தது இல்ல அண்ணா."

அப்பாவின் முகத்தை நான் அன்று பார்த்தேன். எந்தக் கதகளியிலும் இல்லாத முகம். அதற்குப் பெயர் வைக்க அவருக்கும் தெரிந்திராது. ரசத்தை முகத்தில் தேடினார்; அது முகம் பார்க்கிற இடத்தில் இருந்திருக்கிறது. அதை ஒரு விரற்கடைக் காகிதம் வைத்து மறைத்திருக்கிறார். மறைத்ததும் சந்தோஷம் சோகமாகிவிட்டது. நாங்களும் அதை நம்பி அழுதோம். இவ்வளவையும் இப்போது இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அன்று அவர் வாயில் வந்தது இரண்டே சொல்.

"காலு இருந்துது."

"என்னது?"

"கண்ணாடித் தகட்டுல. ஒரு காலு இருந்துது. விரலெல்லாம் தெரிஞ்சுது."

அத்தை எழுந்துவிட்டாள். "எங்க? அத எடு. அத எடு அண்ணா!"

அப்பா அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். அதன் மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். அத்தையும் பார்த்தாள். அதில் ஜன்னல் தெரிந்தது, தென்னை தெரிந்தது, அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

"கழுவிட்டேன்" என்றார் அப்பா. "நாந்தான் கழுவினேன்."

தூணுக்குப் பின்னால் நின்ற என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பத்து விரலையும் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டேன். நல்லவர்தான் என் அப்பா. அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னார். அதைச் சுமந்தது நான்.

பெட்டி திருவனந்தபுரம் போகவில்லை. அப்பா அப்புறம் ஒரு படமும் எடுக்கவில்லை. துருத்தித் தோலைக் கரப்பான் தின்றது. பித்தளைக் கண் வெகுகாலம் கடிதங்கள் பறக்காமலிருக்க மேஜைமேல் கிடந்தது. எட்டுச் சட்டங்களில் அம்மை சாமிப் படங்களை மாட்டினாள். ஒன்பதாவதை அப்பா எங்கே வைத்தார் என்று அவர் காலமான பிறகு வீடு முழுக்கத் தேடினேன். அகப்படவில்லை.

புரட்டாசியில் மாமா அழைத்துப்போக வந்தார். அதிகம் பேசாத மனிதர். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தோவாளை ரோட்டில் பஸ் நின்றது. பூச்சந்தை அப்போதுதான் கலைந்திருந்தது; மிதிபட்ட பிச்சியின் மணம் பெட்ரோல் புகையோடு கலந்து கிடந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மை வேப்பம்பூவும் வற்றலும் கட்டின பொட்டலத்தை மடியில் வைத்தாள். அப்பா எட்டி நின்றார். அத்தைதான் கூப்பிட்டாள்: "அண்ணா, கால்வாய்க் கரையில பாத்து நட. பாம்பு கெடக்கும்." அப்பா தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

டிரைவர் ஏறிவிட்டார். பஸ் உறுமியது. நான் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறினேன். அம்மை கீழிருந்து பாவாடையை இழுத்தாள்.

"அத்த, அப்பா இல்ல. நாந்தான் சொரண்டினேன்."

அத்தைக்கு விளங்கவில்லை.

"கண்ணாடியில இருந்ததை. காலு தெரிஞ்சுது அத்த. மாப்ளைக்க காலுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சிட்டேதான் சொரண்டினேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த என் வலது கையை விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள். உள்ளங்கையை விரித்து வைத்து, குனிந்து, கட்டைவிரலைத் தன் விரலால் தடவினாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்போ கடேசியில அவன் உனக்க கையிலதான் இருந்திட்டுப் போயிருக்கான், இல்லியா மக்கா?"